ரகசிய ராணுவ நடவடிக்கைகளைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ராணுவம் தான் செய்ததாக ஒப்புக்கொள்ளாத செயலைப் படமாக எடுக்க முடியுமா என்று ஆவணப்படம் பயிலும் இளைஞர்களும் செய்தியாளர்களும் தொடர்ந்து கேட்கிறார்கள். முடியும். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானிலும் ஏமனிலும் நடந்தவை. அவற்றில் முதல் மறுப்பு, பிறகு வந்த ஆதாரம், கடைசியில் வந்த ஒப்புதல் எல்லாமே பொதுவெளியில் இருப்பதால், ஒரு புலனாய்வு எப்படி நகர்ந்தது என்று நாமே பின்தொடர்ந்து பார்க்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது? தலைநகரில் யாரையாவது பிடிக்க வேண்டுமா?

சம்பவம் நடந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள். ‘பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி’யைத் தேடி அலைவதிலேயே பலர் முதல் சில மாதங்களைத் தொலைக்கிறார்கள். அதிகாரிக்குத் தெரிந்தது கோப்பில் உள்ளது மட்டும்தான். அந்த இரவில் என்ன நடந்தது என்பது அந்த வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

2010 பிப்ரவரி 12 அதிகாலையில் ஆப்கானிஸ்தானின் பக்தியா மாகாணத்தில், கார்தேஸ் நகருக்கு அருகே ஒரு வீட்டில் நடந்ததைப் பாருங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்து நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் முகமது தாவூத் ஆப்கன் காவல்துறை அதிகாரி. அமெரிக்கர்களிடமே பயிற்சி பெற்றவர். திடீர்த் தாக்குதலில் அவரும், அரசு வழக்கறிஞரான அவருடைய சகோதரரும், கர்ப்பிணிகள் இருவரும், திருமணம் நிச்சயமான ஓர் இளம்பெண்ணும் கொல்லப்பட்டார்கள். நேட்டோ படை வெளியிட்ட செய்திக்குறிப்போ, கிளர்ச்சியாளர்களுடன் சண்டை நடந்ததாகவும், கைகால் கட்டி வாய் அடைத்துக் கொல்லப்பட்ட பெண்களின் உடல்களைப் படையினர் ‘கண்டெடுத்ததாகவும்’ சொன்னது. குடும்பத்தாரே பெண்களைக் கொன்றுவிட்டார்கள் என்று படிப்பவர் நினைக்கும்படி அது எழுதப்பட்டிருந்தது.

லண்டன் டைம்ஸ் செய்தியாளர் ஜெரோம் ஸ்டார்க்கி அந்த வீட்டுக்கே போய்க் குடும்பத்தாரிடம் பேசினார். அவர் எழுதியது முற்றிலும் பொய் என்று நேட்டோ அவர் பெயரைச் சொல்லியே அறிக்கை விட்டது. மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 4 அன்று, பெண்கள் இறந்ததற்குத் தங்கள் படையே காரணம் என்று அதே நேட்டோ ஒப்புக்கொண்டது. ஏப்ரல் 8 அன்று அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தளபதி வில்லியம் மெக்ராவன் ஆட்டுடன் அந்த வீட்டு வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். உள்ளூர் வழக்கப்படி அது குற்றத்தை ஏற்றுக்கொண்டு அடைக்கலம் கேட்பது. அவர் வந்தது புகைப்படங்களில் பதிவானது. ஏதோ ஒரு ரோந்துப் படை தவறிச் செய்த காரியத்துக்கு இவ்வளவு பெரிய தளபதி ஏன் ஒரு கிராமத்துக்கு வரவேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் ஜெரமி ஸ்காஹிலும் ரிச்சர்ட் ரௌலியும் எடுத்த ‘டர்ட்டி வார்ஸ்’ என்ற 2013ஆம் ஆண்டு ஆவணப்படம் உருவானது. அந்தப் படம் அமெரிக்க ராணுவத்தின் மிக ரகசியமான பணிகளைச் செய்யும் கூட்டுச் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம் வரை, அதாவது ‘ஜேசாக்’ வரை போனது.

தாவூத் அன்றிரவு நடனமாடிய காட்சி குடும்பத்தாரின் கைபேசியில் இருந்தது. அது சில நொடிக் காட்சிதான், படமும் தெளிவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு, அந்த வீட்டைத் தாலிபான் பதுங்கிய இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. தாலிபான் வீட்டில் பாட்டும் ஆட்டமும் இருக்காது.

சட்டப்படி ‘ரகசிய நடவடிக்கை’ என்றால் என்ன?

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் இதை வரையறுக்கிறது. அரசின் கை வெளியே தெரியக்கூடாது என்ற நோக்கத்துடன் இன்னொரு நாட்டில் செய்யப்படும் செயல் அது. அதற்கு அதிபரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும், நாடாளுமன்ற உளவுக் குழுக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் ‘மரபான ராணுவச் செயல்பாடுகள்’ இதற்குள் வராது என்று அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. சிஐஏ செய்தால் ஒரு கணக்கு, ராணுவச் சிறப்புப் படை செய்தால் வேறு கணக்கு. உங்கள் படம் பேசும் நடவடிக்கை இவற்றில் எதன் கீழ் நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். யாருக்குத் தெரிந்திருக்கும், யாரிடம் கேள்வி கேட்கலாம் என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

அரசு மறுத்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

தரையில் கிடப்பதைப் பாருங்கள். 2009 டிசம்பர் 17 அன்று ஏமனின் அபியன் மாகாணத்தில் அல்-மஜலா என்ற இடத்தில் குண்டு விழுந்தது. அல்-கய்தா பயிற்சி முகாமைத் தங்கள் விமானப்படையே தாக்கியது என்றது ஏமன் அரசு. ஏமன் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, இறந்தவர்களில் 41 பேர் பொதுமக்கள் என்று தெரிந்தது: 14 பெண்கள், 21 குழந்தைகள்.

2010 ஜூனில் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அந்த இடத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களை வெளியிட்டது. டோமஹாக் ஏவுகணையின் உடைந்த பாகங்களும், வெடிக்காமல் கிடந்த பிஎல்யு-97 வகைச் சிறு குண்டும் அவற்றில் இருந்தன. அந்த வகை டோமஹாக் ஒன்றுக்குள் 166 சிறு குண்டுகள் இருக்கும். கப்பலிலிருந்தோ நீர்மூழ்கியிலிருந்தோ ஏவப்படும் இந்த ஆயுதம் ஏமனிடம் கிடையாது. அத்துடன் ‘எங்கள் விமானப்படை’ என்ற கதை முடிந்தது. அந்த ஆண்டின் கடைசியில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட தூதரகக் குறிப்பு ஒன்றில், ‘குண்டுகள் எங்களுடையவை என்றே தொடர்ந்து சொல்வோம்’ என்று ஏமன் அதிபர் சாலே அமெரிக்கத் தளபதி பெட்ரேயஸிடம் சொன்னது பதிவாகியிருந்தது.

எனவே உலோகத் துண்டு கிடந்தால் தொடாமல் படமெடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் அல்லது பேனா வையுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று, வரிசை எண்ணோ எழுத்தோ இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. வெடிக்காத சிறு குண்டை யார் சொன்னாலும் எடுத்துப் பார்க்காதீர்கள். அல்-மஜலாவில் தாக்குதல் முடிந்த பிறகும் அவற்றால் உயிர்கள் போயின.

ராணுவத்தின் நடமாட்டத்தை வெளியாள் எப்படிக் கண்டுபிடிப்பது?

எவ்வளவு ரகசியமான வேலையானாலும் அதற்கு எரிபொருள் வேண்டும், ஓடுதளம் வேண்டும், பதிவெண் வேண்டும். 2001 டிசம்பர் 18 இரவு ஸ்டாக்ஹோமின் புரோம்மா விமான நிலையத்தில், புகலிடம் கேட்டு வந்த எகிப்தியர் இருவரை முகமூடி அணிந்த அமெரிக்கர்கள் ஆடையைக் கத்தரித்து, தலையை மூடி, விமானத்தில் ஏற்றி கெய்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். 2004 மே மாதம் ஸ்வீடனின் ‘டிவி4’ தொலைக்காட்சி தன் ‘கல்லா ஃபக்தா’ நிகழ்ச்சியில் இதை வெளிக்கொண்டுவந்தது. அவர்களுக்குப் பிடிமானமாகக் கிடைத்தது விமானத்தின் பதிவெண்: என்379பி. அமெரிக்காவில் விமானப் பதிவேடு யாரும் பார்க்கக்கூடியது. பதிவு மாசசூசெட்ஸில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. பின்னர் அமெரிக்கப் பத்திரிகைகள் தோண்டியபோது, நிறுவன அதிகாரிகள் என்று காட்டப்பட்ட பெயர்களுக்குப் பின்னால் இருந்தவை அஞ்சல் பெட்டி முகவரிகளே. விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று பொழுதுபோக்காக விமானங்களைப் படமெடுக்கும் ஆர்வலர்களின் படங்களும் பிறகு பெரிதும் உதவின. அவர்களைத் தேடிப் பேசுங்கள்.

ஒரு வீடியோ கையில் கிடைத்திருக்கிறது. நம்பலாமா?

ஆராயாமல் நம்பக்கூடாது. ஆராய்ந்ததில் விடை கிடைக்காத இடங்களையும் மறைக்கக்கூடாது. தமிழர்கள் நன்றாக அறிந்த எடுத்துக்காட்டையே சொல்கிறேன். கண்கள் கட்டப்பட்டு நிர்வாணமாக்கப்பட்டவர்களைச் சீருடை அணிந்தவர்கள் சுடும் காட்சியை 2009 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. காட்சி போலி என்றது இலங்கை அரசு. ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று துறை நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார்: துப்பாக்கிகளை அறிந்தவர் ஒருவர், உடற்கூறு மருத்துவர் ஒருவர், காணொளித் தடயவியலாளர் ஒருவர். 2010 ஜனவரியில் அவர்கள் காட்சி உண்மையானதாகவே தெரிகிறது என்றார்கள். துப்பாக்கி பின்னுக்கு உதைத்த விதம், உடல் விழுந்த விதம், இரத்தம் வெளிவந்த விதம் எல்லாம் நிஜச் சூட்டுக்குப் பொருந்தின.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பகுதி. விளக்க முடியாத சில அம்சங்களையும் ஆல்ஸ்டன் தாமே எழுதினார். கோப்பில் பதிவாகியிருந்த தேதி 2009 ஜூலை 17, அதாவது போர் முடிந்து இரண்டு மாதம் கழித்து. கடைசியில் 17 ஃபிரேம்கள் பொருந்தாமல் இருந்தன. இவற்றை அவர் சொல்லாமல் விட்டிருந்தால், எதிர்த்தரப்பு கண்டுபிடித்து அறிக்கை முழுவதையும் தள்ளியிருக்கும். பிறகு 2011இல் நீளமான பதிப்பு வந்தபோது, அடுத்த அறிக்கையாளர் கிறிஸ்டாஃப் ஹைன்ஸ் காலத்தில் மறுபடியும் ஆராய்ந்து உண்மை என்று உறுதி செய்தார்கள். உங்கள் படத்திலும் அப்படித்தான் செய்ய வேண்டும். பலவீனமான இடத்தைப் பார்வையாளரிடம் நீங்களே முதலில் காட்டுங்கள்.

நடைமுறையில், வாட்ஸ்அப்பில் வந்த நகலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதில் மெட்டாடேட்டா, அதாவது எப்போது, எந்தக் கருவியில் எடுத்தது போன்ற உள்பதிவு, போயிருக்கும். முதலில் எடுத்த கைபேசி அல்லது மெமரி கார்டு யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். பின்னணி மலை, நிழலின் கோணம், சுவரின் உடைசல் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிடுங்கள்.

தகவல் கேட்டு விண்ணப்பித்தால் தருவார்களா?

தரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் ஒன்பது விலக்குகள் உண்டு. தேசப் பாதுகாப்பு அதில் முதலாவது. ‘உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது’ என்ற பதிலுக்கு குளோமர் பதில் என்று பெயர். கடலுக்கடியில் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கியை 1974இல் ரகசியமாகத் தூக்கப்போன குளோமர் எக்ஸ்ப்ளோரர் கப்பலைப் பற்றி ஒரு செய்தியாளர் கேட்டபோது சிஐஏ சொன்ன பதில் அது.

ஆனாலும் விண்ணப்பத்தை விடாதீர்கள். கார்தேஸ் பற்றிய ராணுவ விசாரணை ஆவணங்கள் ஆறு ஆண்டுகள் கழித்து, 2016இல்தான் வெளிவந்தன. படையினர் விதிகளின்படியே நடந்தார்கள் என்று அந்த விசாரணை முடிவு செய்திருந்தது. அந்த முடிவு எப்படி எழுதப்பட்டது என்று இன்று யாரும் படித்துப் பார்க்கலாம்.

ராணுவத்துக்குள்ளிருந்து பேச வருபவரை எப்படிக் காப்பாற்றுவது?

இந்த வேலையிலேயே மிகப் பெரிய பொறுப்பு இதுதான். படம் எடுப்பவர் விருது வாங்குகிறார், பேசியவர் சிறைக்குப் போகிறார். இது பலமுறை நடந்திருக்கிறது. அமெரிக்க விமானப்படையில் இருந்த டேனியல் ஹேல் டிரோன் தாக்குதல்கள் பற்றிய ஆவணங்களைச் செய்தியாளருக்குக் கொடுத்தார். ஓர் ஆவணப்படத்திலும் தோன்றினார். 2021 ஜூலையில் அவருக்கு 45 மாதச் சிறை. ஆஸ்திரேலியாவில் ராணுவ வழக்கறிஞராக இருந்த டேவிட் மெக்பிரைட் கொடுத்த ஆவணங்களை வைத்து, அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி 2017இல் ‘ஆப்கன் கோப்புகள்’ என்ற செய்தித் தொடரை வெளியிட்டது. 2019 ஜூனில் ஏபிசியின் சிட்னி அலுவலகத்தைக் காவல்துறை சோதனையிட்டது. செய்தியாளர்கள் தப்பித்தார்கள். மெக்பிரைடுக்கு 2024 மே மாதம் ஐந்து ஆண்டு எட்டு மாதத் தண்டனை விதிக்கப்பட்டது.

மெக்பிரைட் விஷயத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சிறப்புப் படை வீரர்களை அளவுக்கு மீறி விசாரிக்கிறார்கள் என்பதே அவருடைய முதல் மனக்குறை. செய்தியாளர்கள் அதே ஆவணங்களில் பார்த்தது பொதுமக்களின் சாவுகளை. தருபவர் என்ன நினைத்துத் தருகிறார் என்பதையும், ஆவணம் என்ன சொல்கிறது என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் படம் வேறு திசையில் போகும் என்றால் அதை அவரிடம் நேரில் சொல்லிவிடுவதே நாணயம்.

காப்பாற்றும் வழிகள் என்று கேட்டால்: முகத்தை மங்கலாக்குவது போதாது. குரலை மாற்றுவதும் போதாது. மாற்றியதைத் திரும்ப மீட்க முடியும் என்பதால் வேறொருவரைப் பேச வைப்பது நல்லது. கைக்கடிகாரம், தழும்பு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், ஒரே படைப்பிரிவுக்குள் மட்டும் புழங்கும் சொல் எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெயர் உங்களுக்கே தேவையில்லை என்றால் எழுதி வைக்காதீர்கள். முதல் தொடர்பு அலுவலக மின்னஞ்சலில் நடந்துவிட்டால், அதன் பிறகு எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை. ஆவணப்பட இயக்குநர் லாரா பொய்ட்ரஸ் அமெரிக்க எல்லையில் பலமுறை நிறுத்தி விசாரிக்கப்பட்ட பிறகு, அமெரிக்க உளவு ரகசியங்களை வெளிப்படுத்திய ஸ்னோடென் பற்றிய படத்தின் தொகுப்பு வேலையைப் பெர்லினில் வைத்துக்கொண்டார். காட்சிகள் உள்ள ஹார்ட் டிஸ்க் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்பதும் திட்டமிட வேண்டிய விஷயம்.

உள்ளூர் உதவியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள்?

நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருப்பார்கள். 2009 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஸ்டீபன் ஃபேரலும், அவருடன் சென்ற ஆப்கன் செய்தியாளர் சுல்தான் முனாதியும் தாலிபானிடம் சிக்கினார்கள். பிரிட்டிஷ் கமாண்டோக்கள் மீட்க வந்த இரவில் ஃபேரல் காப்பாற்றப்பட்டார். முனாதி குண்டடிபட்டு இறந்தார். உள்ளூர் ஆளுக்கும் உங்களுக்குச் செய்த அதே காப்பீடு, அதே பாதுகாப்பு அங்கி, அதே வெளியேறும் திட்டம் இருக்க வேண்டும். பணம் போதாது என்றால் படப்பிடிப்பு நாட்களைக் குறையுங்கள். பட முடிவில் பெயர் போடலாமா என்பதை வெளியிடுவதற்கு முந்தைய வாரம் மறுபடியும் கேளுங்கள். நாட்டு நிலைமை அதற்குள் மாறியிருக்கும்.

குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவது?

முதல் சந்திப்பில் கேமரா வேண்டாம். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்தால், மூத்தவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வீட்டை வரையச் சொல்லுங்கள்: கதவு எங்கே, யார் எங்கே படுத்திருந்தார், சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது. கடிகாரம் பார்க்காதவரிடம் மணி கேட்டுப் பயனில்லை. இரவுத் தொழுகைக்கு முன்பா பின்பா, விடியற்காலைத் தொழுகைக்கு அழைப்பு கேட்டதா என்று கேளுங்கள். வந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள், தாடி இருந்ததா, நாய் குரைத்ததா என்பவையும் உதவும்.

சொன்னதைச் சரிபார்ப்பதை அவமரியாதை என்று நினைக்காதீர்கள். கார்தேஸ் சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்து, 2010 பிப்ரவரி 14 அன்று அமாவாசை. அந்த இரவைப் பற்றி யாராவது ‘நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்’ என்றால், பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டாமல், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். டார்ச்சாக இருக்கலாம், துப்பாக்கியில் பொருத்திய விளக்காக இருக்கலாம். அதுவே புதிய தகவலாகிவிடும்.

அழுகை வந்தால் கேமராவை நிறுத்திவிடுங்கள். அந்தக் காட்சி இல்லாமலே படம் நிற்கும்.

ராணுவத்தின் பதிலைக் கேட்க வேண்டுமா? முன்கூட்டியே உஷாராகிவிட மாட்டார்களா?

கட்டாயம் கேட்க வேண்டும். குற்றச்சாட்டு ஒவ்வொன்றையும் எழுத்தில் கொடுத்து, பதில் தயாரிக்க நியாயமான அவகாசமும் கொடுங்கள். சாட்சிகள் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு, காட்சிகளின் நகல் இரண்டு மூன்று இடங்களில் சேர்ந்த பிறகு அனுப்புங்கள். வரும் மறுப்பை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். ‘அப்படியொரு தாக்குதல் நடக்கவில்லை’ என்பதும் ‘அந்த நாளில் நாங்கள் அங்கே தாக்குதல் நடத்தவில்லை’ என்பதும் வேறு வேறு. இப்போது நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கையின் இடம், நேரம், கீழ்நிலை வீரர்களின் வீட்டு விவரம் இவற்றை வெளியிடாதீர்கள். உங்கள் கேள்வி ஆணையிட்டவர்களை நோக்கியது.

செய்தியாளரே கதாநாயகனாகப் படத்தில் வரலாமா?

‘டர்ட்டி வார்ஸ்’ மீது வைக்கப்பட்ட முக்கியமான விமர்சனமே அதுதான். ஸ்காஹிலின் முகமும் குரலும் படம் முழுக்க நிறைந்திருந்தன. துப்பறியும் கதை போலப் போவதால் பார்ப்பவர் எழுந்து போகமாட்டார் என்பது உண்மை. படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனதிலும் அதற்குப் பங்கு இருக்கும். ஆனாலும் கார்தேஸ் குடும்பத்தார் பேசும்போது மட்டும்தான் அந்தப் படத்தில் எனக்கு மூச்சு முட்டியது. செய்தியாளர் தேடும் வேலையைக் காட்டலாம். அவருடைய மனக்கலக்கத்துக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு இதைச் செய்தால்?

முதலில் வழக்கறிஞர், அப்புறம் கேமரா. இந்தியாவின் அலுவல் ரகசியச் சட்டம் 1923ஆம் ஆண்டினது. அதன் 5ஆம் பிரிவு ரகசிய ஆவணத்தைக் கொடுப்பவரோடு, தெரிந்தே வாங்குபவரையும் பிடிக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உளவு அமைப்புகளுக்கு விலக்கு தந்தாலும், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு தகவல் பெற வழி வைத்திருக்கிறது. ரஃபேல் வழக்கில், திருடப்பட்டவை என்று அரசு சொன்ன ஆவணங்களையும் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் முடிவு செய்தது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் உண்டு. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் வரலாற்றையும் உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்தால் ஏதாவது மாறுமா?

சில சமயம் மாறுகிறது, மெதுவாக. அல்-மஜலாவில் அமெரிக்க ஆயுதம் இருந்ததை எழுதிய ஏமன் செய்தியாளர் அப்துலிலா ஹைதர் ஷாயி சிறையில் அடைக்கப்பட்டார். 2011 பிப்ரவரியில் அவரை விடுவிக்க இருந்த நேரத்தில் அதிபர் ஒபாமாவே தொலைபேசியில் கவலை தெரிவித்ததால் விடுதலை நின்றது. 2013 ஜூலையில் வீட்டுக்காவலுக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டனில் பிபிசி பனோரமா 2022 ஜூலையில், சிறப்பு வான்சேவைப் படையின் ஓர் அணி ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் ஆறு மாதத்தில் சந்தேகத்துக்குரிய முறையில் 54 பேரைக் கொன்றதாகக் காட்டியது. அந்த டிசம்பரிலேயே அரசு சட்டபூர்வமான விசாரணையை அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் 2020 நவம்பரில் வெளியான பிரெரெட்டன் அறிக்கை, சிறப்புப் படையினர் 39 ஆப்கானியர்களைச் சட்டவிரோதமாகக் கொன்றதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாகச் சொன்னது.

அதே 2020 மார்ச்சில் ஏபிசியின் ‘ஃபோர் கார்னர்ஸ்’ ஒரு ஹெல்மெட் கேமரா காட்சியை ஒளிபரப்பியிருந்தது. ஆப்கானிஸ்தானின் உருஸ்கானில் 2012இல் பதிவானது அது: வயலில் மல்லாந்து கிடந்த ஒருவரைப் படைவீரர் சுடுகிறார். 2023 மார்ச்சில் அது தொடர்பாக முன்னாள் வீரர் ஒருவர் மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. காட்சி பதிவானதற்கும் வழக்குக்கும் இடையே ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள். ஆகவே படம் வெளியானதும் மூலக் காட்சிகளை அழித்துவிடாதீர்கள். வெட்டாத கோப்புகள், அவற்றின் ஹாஷ் எண்கள் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்கள்), யாரிடமிருந்து எந்தத் தேதியில் கிடைத்தது என்ற குறிப்பேடு எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்து, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, குறைந்தது இரண்டு நாடுகளில் வையுங்கள். பேசியவரின் அடையாளத்தைக் காட்டும் கோப்பு மட்டும் தனியாக, அவருடைய சம்மதம் இருந்தால் மட்டுமே.